லிபர்ட்டிக்கு இறங்கும் முன் பினாங்கில் போட்ட திட்டம்

வியாழன், பட்டர்வொர்த்

கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரலில் மதியம் ஏறிய ரயில் பட்டர்வொர்த் வந்து சேர நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவே ஆனது. நிலையத்திலிருந்து ஃபெர்ரித் துறைக்கு நடந்தே போய்விடலாம். தோளில் ரெகுலேட்டர் (டேங்க் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) பை, கையில் இழுத்து வந்த பெட்டியில் காலில் மாட்டும் ஃபின், மாஸ்க், தடித்த அடிப்பாகம் உள்ள ரப்பர் காலணி. ஃபெர்ரியில் பக்கத்தில் நின்ற ஐயா பையைப் பார்த்துவிட்டு, "பினாங்குல டைவிங் பண்ண என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். டைவ் இங்கே இல்லை ஐயா, அதற்கான திட்டம்தான் இங்கே என்றேன்.

அடுத்த மாதம் பாலித் தீவின் வடகிழக்குக் கரையில் இருக்கும் துலாம்பென் என்ற ஊருக்குப் போகிறோம். போவது நானும் அண்ணனும். அண்ணன் என்றால் பெரியப்பா மகன். எனக்கு ஸ்கூபாவை அறிமுகம் செய்தவரும் அவர்தான். கூடவே அண்ணியும் வருகிறார். அவர் தண்ணீரில் இறங்கமாட்டார், ஆனால் இந்தத் திட்டத்தில் அவருக்கும் ஒரு முக்கிய வேலை உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். அங்கே லிபர்ட்டி என்ற கப்பல் கடலுக்கடியில் கிடக்கிறது. படகே தேவையில்லை. கரையிலிருந்து நடந்து இறங்கி, நீந்திப் போய், 30 மீட்டர் ஆழம் வரை பார்த்துவிட்டு, நடந்தே கரையேறலாம்.

"நடந்தே போய் வரலாம்" என்ற அந்த ஒரு வரியைக் கேட்டுத்தான் பலரும் இதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. அதனால்தான் விடுப்பு எடுத்து, அண்ணன் வீட்டு மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட வேண்டும் என்று வந்திருக்கிறேன்.

ஃபெர்ரியிலிருந்து எட்டிப் பார்த்தால் தண்ணீர் கலங்கிய பச்சை. மலாக்கா நீரிணையின் சேறு அப்படி. கையை முக்கினால் விரல் தெரியாத அளவுக்கு இருக்கும் சில நாட்களில். இதற்கடியிலும் கப்பல்கள் கிடக்கின்றன. அதைப் பற்றியும் எழுத வேண்டும். இன்று பெரியம்மா கையால் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகிறேன்.

வெள்ளி, தஞ்சோங் பூங்கா

அண்ணனுக்கு முதலில் ஆசை வேறொரு கப்பல் மேல்தான். வனுவாட்டு நாட்டின் எஸ்பிரிட்டு சாண்டோ தீவில் கிடக்கும் பிரசிடெண்ட் கூலிட்ஜ். ஏறக்குறைய 200 மீட்டர் நீளமுள்ள சொகுசுக் கப்பல். போர்க்காலத்தில் படைகளை ஏற்றிச் சென்றது. 1942 அக்டோபர் 26-இல் தன் சொந்தத் தரப்பு வைத்திருந்த கண்ணிவெடிகளிலேயே மோதியது. கேப்டன் கரையை நோக்கிச் செலுத்தித் தரைதட்ட வைத்ததால், உள்ளே இருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறங்கித் தப்பினார்கள். இறந்தவர்கள் இருவர். அதற்கும் கரையிலிருந்துதான் இறங்குகிறார்கள். ஆனால் முன்பகுதி 20 மீட்டரில் தொடங்கினால் பின்பகுதி 70 மீட்டர் வரை போகிறது. அந்த ஆழத்துக்கு ஹீலியம் கலந்த வாயுவும், படிப்படியாக நின்று நின்று மேலே வரும் பயிற்சியும் வேண்டும். எங்கள் இருவருக்கும் இருப்பது 40 மீட்டர் வரை இறங்கலாம் என்ற பயிற்சிச் சான்று அட்டை. "ஆசை இருக்கட்டும் பாப்பா, அட்டை என்ன சொல்லுதோ அதைத்தான் செய்யணும்" என்று அண்ணனே முடித்துவிட்டார். மலேசியாவின் லாபுவான் தீவருகே மூழ்கிய கப்பல்களும் பேச்சில் வந்தன. அவை அருமையானவை, ஆனால் அங்கே படகு வேண்டும்.

ஆக, லிபர்ட்டி.

இந்தக் கப்பலின் கதை தெரியாமல் அதைப் பார்க்கப் போவதில் எனக்கு விருப்பமில்லை. 1918-இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் கட்டப்பட்ட சரக்குக் கப்பல். 1942 ஜனவரி 11 அன்று ரயில் தளவாடங்களும் ரப்பரும் ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து பிலிப்பைன்ஸ் நோக்கிப் போகும்போது, லோம்போக் நீரிணை அருகே ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று டார்பிடோவால் அடித்தது. அமெரிக்க நாசகாரிக் கப்பல் ஒன்றும் டச்சு நாசகாரிக் கப்பல் ஒன்றும் சேர்ந்து சிங்கராஜா துறைமுகத்துக்கு இழுத்துப் போகப் பார்த்தன. வழியிலேயே தண்ணீர் ஏறிவிட்டது. சரக்கையாவது காப்பாற்றலாம் என்று துலாம்பென் கரையில் ஏற்றி நிறுத்தினார்கள். இருபத்தோரு வருடம் அது கரையிலேயே கிடந்தது. 1963-இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது ஏற்பட்ட அதிர்வில் கரையைவிட்டுச் சரிந்து கடலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அதனால்தான் இவ்வளவு பெரிய கப்பல் கரைக்கு இவ்வளவு அருகில் கிடக்கிறது. போர் அதைக் கரைக்குக் கொண்டுவந்தது, மலை அதைக் கடலுக்குள் தள்ளியது.

அந்த நீர்மூழ்கி எது என்று தேடியபோதுதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஐ-66, பின்னால் ஐ-166 என்று எண் மாற்றப்பட்டது. போரின் பிற்பகுதியில் அது பினாங்கைத் தளமாக வைத்து இயங்கியது. 1944 ஜூலை 17 அன்று இதே மலாக்கா நீரிணையில், சிலாங்கூர் கரைக்கு அப்பால் இருக்கும் பெர்மாத்தாங் செடெப்பா திட்டுக்கு அருகே, பிரிட்டிஷ் நீர்மூழ்கி டெலிமாகஸ் அதை மூழ்கடித்தது. அடித்தது நம் கரைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அடிபட்டதைப் பார்க்க நாங்கள் விமானம் ஏறுகிறோம். அண்ணனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதைத் தெரிஞ்சுகிட்டுப் போறது நல்லதும்மா" என்றார்.

மாலையில் பெரிய வெள்ளைத் தாளில் கப்பலை வரைந்தோம். 120 மீட்டருக்கும் மேல் நீளம். கரைக்கு இணையாக, கறுப்பு மணல் சரிவில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. கரையிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி நீந்தினாலே தொடங்கிவிடும். மேல்விளிம்பு ஐந்து மீட்டர் அளவில், கடல் பக்கத்து அடிவிளிம்பு முப்பதை ஒட்டி. படம் வரைந்ததும் ஒன்று தெளிவானது. கரைப் பக்கம் மேடு, கடல் பக்கம் பள்ளம். போகும்போது ஆழப் பக்கம் போய்விட்டு, திரும்பும்போது கப்பலின் மேல் பக்கமாக ஏறி, சரிவோடு சரிவாகக் கரைக்கு வந்துவிடலாம். உடம்பில் ஏறிய நைட்ரஜன் வெளியேற நிற்க வேண்டிய ஐந்து மீட்டர் நிறுத்தம்கூட வெறும் நீரில் தொங்கிக்கொண்டு இல்லை. கற்களையும் மீன்களையும் பார்த்தபடி வீட்டுப் பக்கமாகவே நகரலாம். கரை டைவின் பெரிய வசதி இதுதான்.

பெரிய ஆபத்தும் இங்கேதான். படகு டைவில் எங்கே மேலே வந்தாலும் படகு தேடி வரும். கரை டைவில் தப்பான இடத்தில் மேலே வந்தால் அலையைத் தாண்டி நீங்களே நீந்தி வர வேண்டும். களைத்த உடம்போடு, கனத்த டேங்கோடு, உருளும் கற்கள் மேல். ஆகவே வழக்கமாகத் திரும்பும்போது காற்று மேலே வந்தவுடன் முடிந்துவிடக் கூடாது. கணக்கில் கடைசி வரி கரையில் நிற்கும் காலாக இருக்க வேண்டும்.

சனி, அதே மேசை

இன்று முழுக்கக் காற்றுக் கணக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நம் ஆட்கள் பலர் டைவ் செய்கிறார்கள், ஆனால் "50 பார் வந்தா மேலே வா" (பார் என்பது டேங்க் காற்றின் அழுத்த அளவு) என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 12 மீட்டரில் அது போதும். 30 மீட்டரில் போதவே போதாது. ஏன் என்பது கணக்குப் போட்டால்தான் தெரியும்.

துலாம்பெனில் பொதுவாகக் கிடைப்பது 11 லிட்டர் சொச்சம் கொள்ளும் அலுமினிய டேங்க். 200 பார் நிரப்பினால் ஏறக்குறைய 2,200 லிட்டர் காற்று. மேல்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கும் ஆளுக்கு இது ரொம்ப நேரம் வரும். ஆனால் 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு. அதே ஆள் அங்கே நிமிடத்துக்கு 80 லிட்டர் இழுக்கிறார்.

அண்ணி ஒரு கணக்காளர். கையில் பென்சிலை எடுத்துக்கொண்டு, "முதல்ல தொடக் கூடாத பணம் எவ்வளவுன்னு சொல்லுங்க" என்றார். வீட்டு வாடகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில் மாதத்தை ஓட்டுவது மாதிரி, மிக மோசமான நேரத்துக்கான காற்றை முதலில் ஒதுக்கி வைத்துவிட வேண்டும். அந்த மோசமான நேரம் இதுதான்: மிக ஆழமான இடத்தில், ஒருவரின் காற்று முற்றிலும் நின்றுபோகிறது. இருவரும் ஒரே டேங்கிலிருந்து மூச்சு இழுத்தபடி மேலே வர வேண்டும். பதற்றத்தில் மூச்சு வேகமாகும் என்பதால் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர், இருவருக்கும் 60.

30 மீட்டரில் நிலைமையைப் புரிந்துகொண்டு மாற்று மவுத்பீஸ் கொடுத்துக் கிளம்ப ஒரு நிமிடம்: 240 லிட்டர். அங்கிருந்து ஐந்து மீட்டருக்கு நிதானமாக ஏற மூன்று நிமிடம்; சராசரி அழுத்தம் 2.75 என்று வைத்தால் 495. ஐந்து மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தம்: 270. அங்கிருந்து மேலே வர ஒரு நிமிடம்: 75. மொத்தம் 1,080 லிட்டர். அண்ணி 11.1-ஆல் வகுத்தார். 97 பார்.

"அப்படின்னா பாதி டேங்க் ஒதுக்கு" என்றார் அண்ணி. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்தனை நாளா இதைப் போட்டுப் பார்த்திருக்கீங்களா?" அண்ணன், படிப்பில் சொல்லித் தந்தார்கள், ஒவ்வொரு ஆழமான டைவுக்கும் போடுவதுதான் என்று பதில் சொன்னார். ஆனால் அண்ணியின் கையெழுத்தில் அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு அதன் கனம் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது.

ஆக, 30 மீட்டரில் இருவரில் யாருடைய காற்றழுத்த மானியில் முதலில் 100 காட்டுகிறதோ அப்போது இருவரும் திரும்புகிறோம். பேச்சே இல்லை. அதே முறையில் 20 மீட்டருக்குப் போட்டால் 75 பார், 10 மீட்டருக்கு 50. இந்த மூன்று எண்ணையும் மணிக்கட்டு ஸ்லேட்டில் எழுதி வைத்துக்கொள்கிறோம். ஏறுகிற பாதையில் ஒவ்வொரு படியிலும் கையில் இருப்பது ஸ்லேட்டில் இருப்பதைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

மிச்சத்தில் என்ன செய்யலாம்? சரிவோடு இறங்கி ஆழப் பக்கம் சேர நாலு நிமிடம், கிட்டத்தட்ட 20 பார். 180-இல் தொடங்கி 100 வரை 80 பார். நிமிடத்துக்கு 80 லிட்டர் என்றால் பதினோரு நிமிடம். பத்து நிமிடம் என்று எழுதினோம். 100 பார் அல்லது பத்து நிமிடம், எது முதலில் வருகிறதோ அது. சாதாரணக் காற்றில் 30 மீட்டரில், மேலே வரும்போது கட்டாய நிறுத்தங்கள் தேவைப்படாமல் இருக்கக்கூடிய நேரம் ஏறக்குறைய 20 நிமிடம்தான். ஆகவே காற்றும் நேரமும் ஒன்றையொன்று இடிக்காமல் பொருந்தின.

நைட்ராக்ஸ் எடுப்பதா என்று கேள்வி வந்தது. எடுக்கிறோம், 32 சதவீதம் ஆக்சிஜன் உள்ள கலவை. ஆக்சிஜன் கூட, நைட்ரஜன் குறைவு. உடம்பில் நைட்ரஜன் ஏறுவது தாமதமாகும். ஆனால் ஆக்சிஜனுக்கும் ஆழ வரம்பு உண்டு. ஆக்சிஜனின் அழுத்தத்துக்கு 1.4 பார் என்ற பொதுவான வரம்பை வைத்துப் பார்த்தால் 32 சதவீதத்துக்கு 33 மீட்டர் வரை சரி. 36 சதவீதம் எடுத்தால் 28 மீட்டரோடு நின்றுவிட வேண்டும். கப்பலின் அடிவிளிம்பு 30-ஐ ஒட்டி இருப்பதால் 36 வேண்டவே வேண்டாம். டேங்க் வந்ததும் அவரவர் டேங்கை அவரவரே அளவிடுவோம். ஆக்சிஜன் அளக்கும் கருவியைக் காற்றில் வைத்து 20.9-க்குச் சரிசெய்துவிட்டு, வால்வை மெல்லத் திறந்து, எண் ஓடி நிற்கும் வரை காத்திருந்து, நாடாவில் சதவீதம், ஆழ வரம்பு, தேதி, பெயர் எழுதி ஒட்ட வேண்டும். அந்தக் கடையில் வேலை செய்பவர் எவ்வளவு நம்பகமானவராக இருந்தாலும் இது நாம் செய்ய வேண்டியது.

நேரத்தை நீட்டிக்கொள்ள நைட்ராக்ஸைப் பயன்படுத்தப் போவதில்லை. டைவ் கணினி காட்டும் கூடுதல் நிமிடங்கள் உடம்புக்கான சேமிப்பு. கீழே இருப்பது அதே பத்து நிமிடம்தான்.

இன்னொன்று, 30 மீட்டர் பக்கத்தில் நைட்ரஜன் மயக்கம் தொடங்கும். சிலருக்கு மகிழ்ச்சி, சிலருக்குக் காரணமில்லாத பயம். ஒருவரின் மானியைப் பார்த்துவிட்டு மறுநொடியே மறந்துபோவதும் நடக்கும். அண்ணனின் முறை எளிது. ஆழத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அவர் விரல்களைக் காட்டுவார். நான் ஒன்று கூட்டிக் காட்ட வேண்டும். மூன்று காட்டினால் நான்கு. தப்பாகக் காட்டினாலோ தாமதித்தாலோ ஐந்து மீட்டர் மேலே ஏறிப் பார்ப்பது. சரியாகாவிட்டால் டைவ் முடிந்தது. காரணம் கேட்கக் கூடாது, கோபப்படக் கூடாது. எங்கள் குடும்பத்தில் இந்த ஒப்பந்தம் பழையது.

கப்பலுக்குள் நுழைவதைப் பற்றியும் பேசினோம். லிபர்ட்டி உடைந்து திறந்து கிடக்கிறது. பல இடங்களில் வெளிச்சம் விழும். அதைப் பார்த்து எல்லோரும் உள்ளே போகிறார்கள். ஆழமான பக்கத்தில் நாங்கள் போவதில்லை. தலைக்கு மேல் இரும்பு வந்துவிட்டால் இன்று போட்ட கணக்கு முழுக்கச் செல்லாது. அந்த 1,080 லிட்டர் நேராக மேலே வரலாம் என்ற நம்பிக்கையில் போட்டது. உள்ளே போவதற்கு வேறு கணக்கு, வேறு பயிற்சி, கயிற்றுச் சுருள், காற்றில் போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, அவசரத்துக்கு ஒரு பங்கு என்ற மூன்றில் ஒரு பங்கு முறை. ஒரே டைவில் இரண்டையும் கலப்பது தவறு.

ஞாயிறு காலை

ஒரு தெரிந்தவரின் குடியிருப்பு நீச்சல் குளத்தில் அனுமதி வாங்கிப் பயிற்சி. கடலில் செய்யலாம் என்றால் இந்தப் பக்கம் ஜெல்லி மீன் பயம்.

காற்றுப் பகிர்வை மாற்றி மாற்றிச் செய்தோம். பிறகு மிதவை. ஆரஞ்சு நிறக் குழாய், ஆளுயரத்துக்கும் மேல். சுருட்டி இடுப்பில் மாட்டியிருப்போம். அலை, நீரோட்டம் காரணமாகக் கப்பலைவிட்டு விலகிவிட்டால் ஐந்து மீட்டரிலிருந்தே இதை மேலே அனுப்ப வேண்டும், கரையில் இருப்பவருக்கு நாம் எங்கே என்று தெரிய. சுருளை விரலில் மாட்டாமல் பிடித்து, குழாயின் வாயைத் திறந்து, மாற்று மவுத்பீஸைக் கீழே நீட்டி ஒரே ஒரு மூச்சு அளவு காற்று விட வேண்டும். குழாய் நிமிர்ந்து கையைவிட்டு ஓடும். நூல் கரகரவென்று சுருளில் இருந்து பிரியும். அந்த நொடியில் நாம் கூடவே மேலே போகாமல் அதே ஆழத்தில் நிற்பதுதான் வித்தை. குளத்தின் ஆழம் மூன்று மீட்டர்தான் என்பதால் இது இன்னும் கஷ்டம். அதனால் நல்ல பயிற்சி.

கற்கரைக்கான பயிற்சியைக் குளத்தில் செய்ய முடியாது. பேசிப் பேசித்தான் மனப்பாடம் செய்தோம். துலாம்பெனின் கரை மணல் அல்ல. எரிமலைக் கறுப்பு உருண்டைக் கற்கள். அலை பின்வாங்கும்போது கற்கள் கடகடவென்று உருளும். அங்கே பெண்கள் தலையில் சும்மாடு வைத்து டேங்குகளைத் தூக்கி வந்து தண்ணீர் விளிம்பில் வைக்கிறார்கள். அந்த உழைப்புக்கு உரிய மரியாதையும் கூலியும் கொடுத்துவிட வேண்டும். இறங்கும்போது மாஸ்க் முகத்தில், ரெகுலேட்டர் வாயில், மிதப்பு உடுப்பில் காற்று நிரப்பியிருக்க வேண்டும். கணுக்கால் தண்ணீரில் நின்று அலைகளைப் பார்த்து, பெரியவை போனதும் தயங்காமல் இடுப்பளவு வரை நடந்து, தோளைப் பிடித்துக்கொண்டு ஃபின் மாட்ட வேண்டும். ஏறும்போது அதற்கு எதிர்மாறு. முழங்கால் ஆழம் வரை நீந்தியே வர வேண்டும். பாதியில் எழுந்து நிற்கப் பார்ப்பவர்களைத்தான் அலை கவிழ்க்கும். ரெகுலேட்டரைக் கடைசியில்தான் வாயிலிருந்து எடுக்க வேண்டும். அதற்கும் காற்று மிச்சம் இருக்க வேண்டும்.

ஞாயிறு மாலை, வெஸ்டர்ன் ரோடு

பெரியம்மா தண்ணீர்மலை முருகனைப் பார்த்துவிட்டு வா கண்ணு என்றார். படியேறி இறங்கிய பிறகு, அங்கிருந்து அதிக தூரமில்லாத வெஸ்டர்ன் ரோடு கல்லறைக்கு அண்ணன் அழைத்துப் போனார். அங்கே ரஷ்ய மாலுமிகளுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது.

எம்டன் கப்பலைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய்க் கிடங்குகள் மேல் குண்டு போட்ட அதே ஜெர்மானியக் கப்பல். ஐந்து வாரம் கழித்து, அக்டோபர் 28 விடியலில், பிரிட்டிஷ் கப்பல் மாதிரி தெரிய வேண்டும் என்று போலியாக நான்காவது புகைபோக்கி கட்டிக்கொண்டு பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. ஜெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை டார்பிடோவால் மூழ்கடித்தது. வெளியேறும் வழியில் மூஸ்கே என்ற பிரெஞ்சு நாசகாரிக் கப்பலையும் அடித்தது. ஜெம்சுக் கேப்டன் அந்த நேரத்தில் கரையில் இருந்தார். மாலுமிகள் கப்பலில் இருந்தார்கள். கல்லறைகள் இங்கேயும் ஜெரஜாக் தீவிலும் உள்ளன.

யூ-859 பற்றி அண்ணன் சொன்னதையும் இங்கே எழுத வேண்டும். 1944 ஏப்ரலில் கீல் துறைமுகத்தைவிட்டுக் கிளம்பிய ஜெர்மானிய நீர்மூழ்கி. பாதரசம் உள்ளிட்ட சரக்கோடு மாதக்கணக்கில் கடலைக் கடந்து, பினாங்கை நெருங்கிவிட்ட நேரத்தில், செப்டம்பர் 23 அன்று பிரிட்டிஷ் நீர்மூழ்கி டிரெஞ்சன்ட் அடித்தது. 47 பேர் இறந்தார்கள், 20 பேர் பிழைத்தார்கள். பிழைத்தவர்களில் சிலர் சுமார் 50 மீட்டர் ஆழத்தில் கிடந்த கப்பலுக்குள்ளிருந்து வெளியேறி மேலே வந்தவர்கள். டேங்க் இல்லை, கணினி இல்லை, நிறுத்தம் இல்லை. நாங்கள் 30 மீட்டருக்கு மூன்று நாளாக மேசையில் உட்கார்ந்திருக்கிறோம்.

மூழ்கிய கப்பலை வேடிக்கைப் பொருளாகப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. அங்கிருந்து ஒரு ஆணிகூட எடுத்து வரக் கூடாது, ஃபின் பட்டு ஒரு பவளம்கூட உடையக் கூடாது. ஆழத்தில் உடம்பைச் சமநிலையில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் அங்கே போகவே கூடாது என்பது என் கருத்து. நெரிசலான நேரத்தில் அந்தக் கப்பல் படும் பாடு கொஞ்சமல்ல.

திங்கள், கிளம்பும் நாள்

நேர அட்டவணை முடிந்துவிட்டது. பாலிக்கும் நமக்கும் ஒரே கடிகார நேரம். அந்த வகையில் குழப்பமில்லை. முதல் நாள் 12 மீட்டருக்குள் ஒரு டைவ், எடையைச் சரிபார்க்கவும் கரையைப் பழகவும். மறுநாள் விடியலில் ஆழமான டைவ். காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் தெற்கிலிருந்து வண்டி வண்டியாக ஆட்கள் வந்துவிடுவார்கள். தவிர, விடியலில்தான் நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் கப்பலை ஒட்டி இருக்கும். அவற்றைப் பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை.

அண்ணியின் வேலை இதுதான். கரையில் உட்கார்ந்து இறங்கிய நேரத்தைக் குறிப்பார். நாங்கள் சொன்ன நேரத்துக்கு வெளியே வரவில்லை என்றால் பதினைந்து நிமிடம் பொறுத்து, தாளில் எழுதியிருக்கும் வரிசைப்படி அழைக்கத் தொடங்குவார். முதலில் டைவ் கடை, அப்புறம் காப்பீட்டு அவசர எண், அப்புறம் டைவ் கோளாறுக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை வசதி உள்ள தென்பசார் மருத்துவமனை. துலாம்பெனிலிருந்து அங்கே போக இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும் என்பதால் கடையில் ஆக்சிஜன் பெட்டி இருக்கிறதா, அதில் எவ்வளவு இருக்கிறது என்பதை இறங்கும் முன்பே நேரில் திறந்து பார்த்துவிட வேண்டும். இங்கே நமக்கு அந்த வசதி லுமுட் கடற்படைத் தளத்து ராணுவ மருத்துவமனையில் இருக்கிறது என்பதையும் அண்ணி தாளின் அடியில் எழுதி வைத்தார். ஊர் திரும்பிய பிறகு மூட்டு வலியோ மரத்துப்போவதோ வந்தால் தேவைப்படும்.

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே, பல டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும். நாங்கள் ஒரு முழு நாள் விடுகிறோம். அந்த நாளில் கிந்தாமணி மலைப் பாதை வேண்டாம் என்றும் முடிவானது. 1,500 மீட்டர் உயரம் ஏறினாலும் விமானத்தில் ஏறுவது மாதிரியே காற்றழுத்தம் குறையும். கரையோரச் சாலையிலேயே தென்பசாருக்குப் போய்விடுவோம். அண்ணிக்குக் கொஞ்சம் ஏமாற்றம். மலைக்கு டைவுக்கு முந்தின நாட்களில் போய் வரலாம் என்று பயணத்தை ஒரு நாள் முன்னால் நகர்த்தினோம்.

பட்டர்வொர்த் ரயிலுக்குக் காத்திருக்கும்போது துலாம்பென் கடையிலிருந்து பதில் வந்தது. 32 சதவீதம் கிடைக்கும். கேட்டிருந்த மாதிரி 15 லிட்டர் டேங்க் இரண்டும் தனியாக எடுத்து வைக்கிறார்களாம். அண்ணிக்கு அனுப்பினேன். அடுத்த நிமிடமே கணக்கு வந்துவிட்டது: 1,080-ஐ 15-ஆல் வகுத்தால் 72 பார். கூடவே ஒரு கேள்வி, "அப்போ திரும்புற எண்ணை 72-ன்னு மாத்திடவா?"

அண்ணன் எழுதினார்: "வேணாம். 100-ஏ இருக்கட்டும். கீழே பத்து நிமிஷமும் அப்படியே."

நானும் சரி என்று எழுதிவிட்டேன். ஸ்லேட்டில் ஏற்கெனவே எழுதிய எண்களை அழிக்கவில்லை. அடுத்த பதிவு துலாம்பெனிலிருந்து வரும்.